மரக்கடையைத் தாண்டிப் போன வண்டி

போன வாரம் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு அருகே சிக்னலில் நின்றிருந்தேன். காருக்குள்தான், ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு. சாரல் சீசன் நேரத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசியில் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மேற்கே மலையிலிருந்து காற்று வந்தது, கூடவே சாரலும் வந்தது. எனக்குப் பக்கத்தில் பெரிய பைக் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் சூடான சைலன்சரில் சாரல் விழுந்து மெல்லிய ஆவி எழும்பியது. அந்த வாசனையை நீங்கள் முகர்ந்திருப்பீர்கள். சுட்ட இரும்பும் ஈரமும் கொஞ்சம் ரோட்டுச் சேறும் கலந்த வாசனை. மல்லிகைப்பூ வாசனையில் பழைய காதல் நினைவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு சைலன்சர் வாசனையில் பழைய கோபம் நினைவுக்கு வரும். நல்ல, சுகமான கோபம். பச்சை விளக்கு விழுந்தும் நான் கிளம்பவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

தென்காசி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் நடந்தது இது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். சுரண்டை, கீழப்பாவூர், செங்கோட்டை, புளியறை என்று டாக்டர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்த வேலைக்கு வந்த பெண்கள் ரொம்பக் குறைவு. தோளில் கறுப்புப் பை, காலுக்கடியில் ஸ்கூட்டி. மழைக்காலத்தில் பைக்குள் தண்ணீர் போய் சாம்பிள் மாத்திரை அட்டையெல்லாம் ஊறிவிடும். ஊறின அட்டையை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு, இது ரத்த அழுத்தத்துக்கு மிக நல்ல மருந்து சார் என்று சொல்லும்போது என் ரத்த அழுத்தம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கும் முரளிக்கும் நிச்சயம் ஆயிற்று. செங்கோட்டையில் மெயின் ரோட்டு மேலேயே அவர்களுக்கு மரக்கடை. தேக்கு, அயினி, கோங்கு என்று ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். கடையைத் தாண்டும்போதே மரத்தூள் வாசனை மூக்கில் ஏறும். முரளி பார்க்க நன்றாக இருப்பான். அவனைவிட அவன் வண்டி நன்றாக இருக்கும். சிவப்பு நிறத்தில் ரேஸ் பைக். முன்பக்கம் முழுக்க மூடி, பாய்கிற மாதிரி குனிந்து நிற்கும். ஜில்லாவிலேயே அந்த மாதிரி வண்டி நாலைந்துதான் இருந்திருக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் தெருவே என்னை விட்டுவிட்டு வண்டியைத்தான் பார்த்தது. என் அண்ணன் சங்கர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியறைக்குப் போய் பரோட்டா சாப்பிட்டு வரலாம் என்று முரளி கூப்பிட்டான். அம்மா கொஞ்சம் முனகிவிட்டு அனுப்பி வைத்தாள். அந்த மாதிரி வண்டியில் பின்சீட்டு என்பது சீட்டே இல்லை. பரணில் ஏற்றி வைத்த பானை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடிக் காற்று கணவாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தது. கொஞ்சம் மெதுவாப் போங்க என்று நான் தோளைத் தட்டிச் சொல்லச் சொல்ல அவன் வேகம் கூட்டினான். செங்கோட்டையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை வயல், எதிரே மலை, தலையில் மேகம். அழகான ரோடு என்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

செக்போஸ்ட்டுக்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு பரோட்டாக் கடை. கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே முரளியின் கூட்டாளிகள் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வருவார்கள் என்று என்னிடம் சொல்லவே இல்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றி என் வேலைக்கு வந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுருவா. ஸ்கூட்டில மாத்திரை வித்துக்கிட்டு திரிஞ்சது போதும்லா" என்றான் முரளி, என்னைப் பார்க்காமல்.

"நான் விடுதேன்னு எப்பச் சொன்னேன்?" என்றேன். சண்டைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லாமல்தான் கேட்டேன்.

கூட்டாளிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். "ஏலே முரளி, ஆரம்பத்துலேயே பிரேக் புடிக்காளே" என்றான்.

முரளி இலையை மூடிவிட்டு எழுந்தான். கை கழுவப் போகிறான் என்று நினைத்தேன். வெளியே வண்டி உறுமும் சத்தம் கேட்டது. பெட்ரோல் போடப் போகிறான் என்று நினைத்தேன். நான் நினைக்க நினைக்க அந்தச் சத்தம் செங்கோட்டைப் பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று. போன் செய்தால் அணைத்து வைத்திருந்தான். கூட்டாளிகள் முகத்தை முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். சாப்பாட்டுக் காசும் நான்தான் கொடுத்தேன். வெளியே மழை வலுத்துவிட்டது. லாரி டிரைவர்கள் எல்லாரும் பார்க்க, நிச்சயப் புடவையோடு நான் பஸ்ஸுக்காக நின்றேன். அதில் வயதான டிரைவர் ஒருவர் வந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு பிளாஸ்டிக் சாக்கை நீட்டிவிட்டுப் போனார். அதைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்துப் பஸ் வந்தது.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று காலையில் சொல்லிவிடலாமென்று முடிவு செய்துகொண்டு படுத்தேன். அவர்கள் முந்திக்கொண்டார்கள். விடிந்ததும் முரளியின் அப்பா போன் செய்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. புளியறையில் வைத்து அந்தப் பெண் லாரிக்காரன் ஒருவனோடு ஏறிப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். முதலில் சொந்தக்காரர்களிடம். பிறகு கடைக்கு மரம் வாங்க வருகிறவர்களிடம்.

அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். "எங்கன போனாலும் என் மூஞ்சியப் பாத்ததும் பேச்ச நிறுத்துதாவ" என்றாள். அழவில்லை. பீரோவில் பட்டுப் புடவைகளை மடித்து, பழைய செய்தித்தாளைச் சுற்றி, அடித்தட்டில் வைத்தாள். அவள் அப்படி வைத்ததைப் பார்த்தபோதுதான் முரளியைச் சும்மா விடக்கூடாது என்று தோன்றியது.

எப்படி? அவனை அடிக்க முடியாது. ஊர் ஊராகப் போய் நடந்தது இதுவல்ல என்று விளக்கவும் முடியாது. விளக்க விளக்கச் சந்தேகம் கூடும். கடைசியில் எனக்குத் தோன்றிய வழி ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமானது. அவன் வண்டியைவிடப் பெரிய வண்டி வாங்கி, அவன் கண்ணெதிரே போக வேண்டும். சிரிக்காதீர்கள். அவனுக்கு வண்டியைத் தவிர வேறு பெருமை கிடையாது. எங்கே தொட்டால் வலிக்குமோ அங்கேதானே தொட வேண்டும்.

அண்ணன் வண்டியில் கியர் பைக் ஓட்டக் கற்றிருந்தேன். அவனையே கூட்டிக்கொண்டு திருநெல்வேலி ஷோரூமுக்குப் போனேன். முரளியிடம் இருந்ததற்கு அடுத்த மாடல், அதைவிட ஒரு படி மேல், விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு நின்றது. விற்பனையாளர் அண்ணனிடமே பேசிக்கொண்டிருந்தார். வண்டி எனக்கு என்று சொன்னதும், "மேடம், ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு" என்றார். நான் இந்தப் பக்கமே ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. கால் நுனிதான் தரையைத் தொட்டது. உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. டாங்க் மேல் படுத்துக்கொண்டு சுரண்டை டாக்டரைப் பார்க்கப் போக முடியுமா? மருந்துப் பையை எங்கே கட்டுவது? ஒரு திருகாணி போனாலும் சென்னையிலிருந்து வர வேண்டுமாம். சம்பளத்தில் பெரிய பகுதி பல வருஷத்துக்குத் தவணைக்கே போய்விடும்.

"எடுத்துருட்டி. இதப் பாத்தான்னா அன்னைக்கே செத்தான்" என்றான் அண்ணன். அவன் கண் என் பழியில் இல்லை, வண்டியில் இருந்தது.

"அன்னைக்கு மட்டும் செத்தாப் போதாதுண்ணே" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. இந்த வண்டியைப் பார்த்தால் முரளி ஒரு நாள் எரிவான், இரண்டு நாள் எரிவான். மூன்றாம் நாள் என் வண்டி சர்வீஸுக்குப் போய்விடும், அவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். அவன் வண்டியே மாதத்தில் பாதி நாள் ஏதாவது சாமான் வராமல் கடை முன்னால் நிற்பதுதானே. எனக்கு வேண்டியது மழையிலும் காற்றிலும், வேலை இருக்கிற நாளெல்லாம், அவன் கடை வாசலைத் தாண்டிப் போகிற வண்டி. பழி வாங்குகிறவளுக்கு முதலில் வேண்டியது நல்ல மைலேஜ்.

அப்படித்தான் கீழப்பாவூர் வண்டி எனக்குக் கிடைத்தது. அந்த ஊர் கிளினிக்கில் வேலை பார்க்கிற நர்ஸ் சொல்லி, ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் வீட்டுக்குப் போனேன். நரசிம்மர் கோயிலுக்குப் போகிற வழியில் வீடு. வண்டி ரேஸ் பைக்குக்கும் சாதாரண வண்டிக்கும் நடுவில் இருந்தது. தூரப் பயணத்துக்கென்று செய்த வண்டி. சாம்பல் நிறம். முன்னால் பாதி மூடி, அதற்கு மேல் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி. ஹேண்டில் கைக்கு எட்டுகிற இடத்தில். நீளமான, தட்டையான சீட்டு. பின்னால் சாய்ந்துகொள்ளக் கம்பி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி. இடது பெட்டியில் நீளமாக ஒரு கீறல். அந்தச் சார் அதில் கோவா வரை போய் வந்திருக்கிறார். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரையும் போல நானும் கொஞ்சம் படித்துவிட்டுப் போயிருந்தேன். முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தால் நமக்காக முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. முதல் தட்டலிலேயே பிடித்துக்கொண்டது. செயினையும் பல்சக்கரத்தையும் பார்த்தேன், முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவினேன். தரையில் இரண்டு காலும் பட உட்கார்ந்தேன். அந்த நிமிடமே வண்டி என்னுடையது ஆகிவிட்டது. விலை, ஷோரூம் வண்டியில் பாதிகூட இல்லை. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அவர் மனைவிதான் சந்தோஷமாக வழியனுப்பினார்.

"கொண்டு போம்மா. இது போனாத்தான் இந்த மனுசன் வீட்ல இருப்பாரு" என்றார்.

அம்மா வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பழசையா வாங்கிட்டு வந்திருக்க?" என்றாள். பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்பாள் என எதிர்பார்த்து நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து, இதில் குடை நிற்குமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். மரக்கடை நெருங்கியதும் வேகத்தைக் குறைப்பேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குவேன். கல்லாவில் இருக்கிற முரளியை நேராக ஒரு பார்வை. அவ்வளவுதான். ஹார்ன் கிடையாது, பேச்சு கிடையாது. வண்டி தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். சாரலிலும் போனேன், வெயிலிலும் போனேன். ஆடிக் காற்றில் மற்ற வண்டிகள் ரோட்டில் தள்ளாடும். என் வண்டி அசையாமல் போகும். அவனுடைய சிவப்பு வண்டி மழைக்குப் பயந்து கடை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். அவன் அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் வர ஆரம்பித்தான். அதை முதலில் பார்த்த அன்றைக்கு நான் இரண்டு டாக்டர்களிடம் தேவையில்லாமல் சிரித்தேன்.

கடைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "முரளி, மாத்திரைக்காரி போயாச்சு" என்று அங்கிருந்தே சொல்வார்களாம். அவன் கடைக்கு வருகிற நேரத்தை மாற்றினான். நானும் டாக்டர்களைப் பார்க்கிற நேரத்தை மாற்றினேன். எவ்வளவு உழைப்பு பாருங்கள். அந்த வருஷம் என் விற்பனை கூடியதாகக் கம்பெனியில் பாராட்டினார்கள். ஒரு டாக்டரையும் விடாமல் போய்ப் பார்த்தேன் அல்லவா, செங்கோட்டை வழியாகப் போக ஒரு காரணம் வேண்டுமே.

ஒரு நாள் அவன் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி மறித்தான்.

"எதுக்கு தெனமும் இப்படிப் போற?"

"வேலைக்குப் போவுதேன்."

"ஏன் இங்கன வந்து என்னப் பாக்க?"

"ரோட்டுல போறவ ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போவா. ரோடு உங்க அப்பா போட்டதா?" என்றேன். டீக்கடையில் யாரோ டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் கிளட்சை விட்டேன்.

அடுத்த தை மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் நாகர்கோவில் பக்கம், கவிதா என்று பெயர். அதற்காக நான் நிறுத்தவில்லை.

அந்தச் சீசனில்தான் அது நடந்தது. புளியறையில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனவள், அவர் மலைக்கு மேலே ஆரியங்காவு பக்கம் போய்விட்டார் என்று சொன்னதால் அங்கேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி மலை இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. எஸ் வளைவில், பாறை ஓரமாகச் சிவப்பு வண்டி நின்றது. முரளி குனிந்து ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் எங்கோ உள்ளே போய்விட்டது போல, வண்டி உயிரே இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் பட்டுப் புடவையில் சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். கோயிலுக்குப் போய்த் திரும்புகிறார்கள். அவள் பல் கிடுகிடுவென்று அடித்தது எனக்கே கேட்டது.

நான் தாண்டிப் போயிருக்கலாம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கவிதாதான் கையை நீட்டினாள்.

"அக்கா, செங்கோட்ட வரைக்கும் விடுவீங்களா? காய்ச்சலா இருக்கு."

"வேண்டாம், கவிதா. நீ சும்மா நில்லு" என்றான் முரளி.

அவள் அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என் வண்டியின் அகலமான சீட்டைப் பார்த்தாள். நான் வலது பெட்டியைத் திறந்து, நனையாமல் இருந்த மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு ஏறி, கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தாள். முரளி நடுரோட்டில் நின்றான். மழையில் அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அது எனக்கே எனக்கென்று வைத்திருப்பது.

"லாரிக்காரங்க நல்லவங்க. கேட்டா ஏத்திக்கிடுவாங்க" என்று அவனிடம் சொன்னேன். கிளம்பினேன்.

அன்றைக்கு நான் ஓட்டிய மாதிரி மெதுவாக என்றைக்கும் ஓட்டியதில்லை. மழை என்பது ஒரு காரணம். செங்கோட்டை வருவதற்குள் கதை முடிய வேண்டும் என்பது இன்னொரு காரணம். பரோட்டாக் கடை, கூட்டாளிகள், பிளாஸ்டிக் சாக்கு, அம்மாவின் பீரோ எல்லாவற்றையும் தோளுக்கு மேல் தலையைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். உயரமான கண்ணாடி காற்றைத் தடுத்ததால் ஒரு சொல்லும் வீணாகாமல் பின்னால் போயிற்று.

வயல் முடிகிற இடத்தில் கவிதா, "எங்க வீட்ல வேற மாதிரி சொன்னாங்க" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

மரக்கடை முன்னால் நிறுத்தினேன். முரளியின் அப்பா கல்லாவில் இருந்தார். மழைக்கு ஒதுங்கினவர்களால் டீக்கடை நிறைந்திருந்தது. கவிதா இறங்கி, மழைக்கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு திரும்பி, காய்ச்சல் குரலில், ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னாள்.

"மாமா, உங்க மகன் என்ன மழையில நிறுத்திட்டாரு. இந்த அக்காதான் கூட்டிட்டு வந்தாங்க. லாரியில ஏறிப் போனாங்கன்னு நீங்க சொன்னீங்கள்லா, அது இவங்கதானா?"

அவர் பலகை அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே ஒருவரும் டீ குடிக்கவில்லை. நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினேன். தென்காசி வரும் வரை உள்ளே பாடிக்கொண்டே வந்தேன். எனக்குப் பாட வராது.

டீக்கடையில் கேட்ட பேச்சுக்குப் பஸ்ஸைவிட வேகம் அதிகம். அந்த வாரமே சுரண்டையிலிருந்து ஒரு சொந்தக்காரர், கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரொம்பப் பணிவாகப் பேசினார். அம்மா அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "வா, ஒன் வண்டிலயே போவோம். பஸ்ஸுல போனா எவளும் பாக்க மாட்டா" என்றாள். மண்டப வாசலில், கூட்டம் அதிகமாக இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மெதுவாக இறங்கினாள்.

பழி தீர்ந்ததே என்று நான் நிறுத்திவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அந்த வண்டி ஓடின காலமெல்லாம் மரக்கடை முன்னால் வேகம் குறைத்தேன். வருஷங்கள் போய், என்ஜின் புகை தள்ள ஆரம்பித்து, சாமான் வருவது நின்று போன பிறகுதான் அதைக் கொடுத்தேன். வாங்கினவர் உடைத்து விற்பதற்கென்று வெளிப்படையாகச் சொல்லித்தான் வாங்கினார். நான் பதவி உயர்ந்து காருக்கு மாறினேன். அந்தப் புளியறை டாக்டர் இப்போது இல்லை. புளியறையில் அந்தப் பரோட்டாக் கடை இருந்த இடத்தை என்னால் சரியாகக் காட்ட முடியாது. கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டல்கள் வந்துவிட்டன. சிவப்பு வண்டிகள் இப்போது தெருவுக்கு ஒன்று நிற்கின்றன, யாரும் சுற்றி வந்து பார்ப்பதில்லை. டீக்கடையும் எடுபட்டுவிட்டது. மரக்கடையை விற்றுவிட்டு முரளி குடும்பத்தோடு கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டான் என்றார்கள். கவிதா அவனோடுதான் இருக்கிறாளா என்று கேட்டேன், சொன்னவருக்குத் தெரியவில்லை.

மரம் அடுக்கியிருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மரத்தூள் வாசனை போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் கால் தானாக பிரேக்கில் அழுந்துகிறது, கழுத்து இடது பக்கம் திரும்புகிறது, கண்ணில் அந்தப் பழைய முறைப்பு வந்துவிடுகிறது. கவுண்டரில் நிற்கிற பெண், யாரோ தெரிந்தவர்கள் போல என்று நினைத்து, தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்துவிட்டுப் போகிறேன்.